புது டெலி லென்ஸ்: மொட்டை மாடியிலிருந்து வேடந்தாங்கல் வரை பத்து நாள் சோதனை

பறவைப் படம் எடுக்கும் ஆசை வந்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் பெரிய லென்ஸ் ஒன்றை வாங்கத்தான் செய்கிறோம். மாதக்கணக்கில் காசு சேர்த்து வாங்கிய பெட்டி வீட்டுக்கு வந்ததும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேடந்தாங்கலுக்குக் கிளம்பிவிடுகிறோம். நாள் முழுக்க எடுத்துத் தள்ளிவிட்டு, சாயங்காலம் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் நாரையின் கண் பஞ்சு மாதிரி இருக்கிறது. லென்ஸில் கோளாறா, கை நடுங்கியதா, வேறு எதாவதா என்று சொல்லத் தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்குள் கடையில் சொன்ன கெடு முடிந்துவிடுகிறது.

எனக்கு இது நடந்திருக்கிறது. அதற்கப்புறம் எந்த லென்ஸ் வாங்கினாலும் முதல் பத்து நாளை ஓர் ஒழுங்கில் செலவிடுகிறேன். படம் மங்குவதற்குக் காரணம் லென்ஸாக இருக்கலாம், கையாக இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம். மூன்றும் ஒரே படத்தில் கலந்து கிடந்தால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் முதலில் லென்ஸை மட்டும் தனியாகச் சோதிக்கிறேன், அப்புறம் என் கையை, கடைசியில்தான் காற்றை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கணக்குக்கு வசதியாக என் கருவியையே எடுத்துக்கொள்கிறேன். 100–400 மி.மீ. ஜூம். 400-ல் அதன் பெரிய திறப்பு எஃப் 6.3 (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சின்னதாகும்). கேமராவில் படம் விழும் சென்சார் ஏ.பி.எஸ்.-சி அளவு (முழு ஃப்ரேமைவிடச் சின்னது), 24 மெகாபிக்சல். உங்களுடையது 150–600 ஆனாலும் 70–300 ஆனாலும் முறை ஒன்றுதான். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் எண்களை அன்றன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கும்போது

முதலில் பில்லைப் படியுங்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள், மாற்றிக் கொடுப்பார்களா, பணம் தருவார்களா என்பது கடைக்குக் கடை மாறும். அந்தத் தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும், லென்ஸின் உடம்பில் இருக்கும் எண்ணும், வாரண்டி அட்டையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். கிரே மார்க்கெட் சரக்கு, அதாவது கம்பெனியின் அதிகாரபூர்வ வழியில் வராத இறக்குமதி என்றால் நம் நாட்டு வாரண்டி பெரும்பாலும் கிடைக்காது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்கும் முன்பே இதைக் கேட்டுவிடுவது நல்லது. ஆன்லைனில் வந்த பெட்டி என்றால் பிரிப்பதை செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

அப்புறம் கண்ணாடி. இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி, இருட்டான அறையில் செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கமிருந்து உள்ளே பாருங்கள். புது லென்ஸிலும் இரண்டு மூன்று தூசி இருக்கும், அது படத்தில் தெரியாது. சிலந்தி வலை மாதிரியோ வேர் மாதிரியோ கிளை பிரிந்து தெரிந்தால் அது ஃபங்கஸ். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் காசைக் கொடுக்கவே கூடாது. ஜூம் வளையத்தை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எங்கேயும் மணல் அரைபடுவது போலிருக்கக் கூடாது. குலுக்கும்போது உள்ளே லேசாக எதோ அசைவது கேட்டால் பயப்பட வேண்டாம். ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் உள்ள பல லென்ஸ்களில் கரன்ட் இல்லாதபோது அந்தக் கண்ணாடி கொஞ்சம் ஆடும்.

ஃபில்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய லென்ஸ் வாங்கினால் ஒரு யூ.வி. ஃபில்டரைக் கடையிலேயே மாட்டித் தருவது வழக்கம். என் முதல் டெலி லென்ஸுடன் அப்படித்தான் ஒன்று வந்தது. 200 வரை படம் நன்றாக இருந்தது. 400-ல் எல்லாமே இரட்டை விளிம்போடு வந்தது. லென்ஸைத் திருப்பிக் கொடுப்பதென்று முடிவு செய்து, பெட்டியில் வைப்பதற்காகத் துடைக்கும்போது ஃபில்டரைக் கழற்றினேன். கடைசியாக ஒரு படம் எடுத்துப் பார்ப்போம் என்று எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை எடுத்தேன். தொட்டியில் இருந்த கம்பெனிப் பெயரின் எழுத்துகள் வெட்டி வைத்தது போல வந்தன. முழுக்கச் சமதளமாக இல்லாத கண்ணாடித் துண்டு ஒன்றை முன்னால் வைத்தால், சின்ன லென்ஸில் தெரியாத குறையை 400 மி.மீ. பெரிதாக்கிக் காட்டிவிடும். அதனால் இந்தப் பத்து நாளும் ஃபில்டரைக் கழற்றி வையுங்கள். பாதுகாப்புக்கு லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூட் போதும். எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு ஃபில்டரோடு ஒரு படம், இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பார்த்து, வித்தியாசம் இல்லை என்றால் மாட்டிக்கொள்ளலாம்.

சுவரும் செய்தித்தாளும்: லென்ஸ் மட்டும்

இதற்கு மொட்டை மாடியும், அன்றைய செய்தித்தாளும், கையளவு முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றும், ட்ரைபாடும் வேண்டும். நேரம் காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள். வெயில் ஏறி மாடித் தளம் சூடானால் பத்து மீட்டரிலேயே காற்று ஆட ஆரம்பித்துவிடும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

செய்தித்தாளின் முழுப் பக்கம் ஒன்றைச் சுருக்கமில்லாமல் சுவரில் படுக்கைவாட்டில் ஒட்டுங்கள். வரி விளம்பரப் பக்கம் சிறந்தது. மூலைக்கு மூலை பொடி எழுத்தாக இருக்கும். 400 மி.மீ.யில் பத்து மீட்டர் தள்ளி நின்றால் ஏ.பி.எஸ்.-சி கேமராவில் ஏறக்குறைய 58 செ.மீ. அகலம் தெரியும். அதாவது ஒரு பக்கம் சட்டகத்தை நிறைக்கும். 300-க்கு ஏழரை மீட்டர், 200-க்கு ஐந்து, 100-க்கு இரண்டரை. தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கேமரா சுவருக்கு நேராக இருக்கிறதா என்பதில்தான் பலருடைய சோதனை கெட்டுப்போகிறது. கொஞ்சம் கோணலாக இருந்தாலும் தாளின் ஒரு பக்கம் மங்கும், பழி லென்ஸ் மேல் விழும். இதற்குத்தான் கண்ணாடி. தாளின் நடுவில், சுவரோடு ஒட்டினாற்போல் அதை வையுங்கள். கேமரா வழியாகப் பார்த்து, கண்ணாடிக்குள் தெரியும் உங்கள் லென்ஸின் முகம் சட்டகத்தின் சரியான நடுவில் வரும்வரை ட்ரைபாடை நகர்த்துங்கள். வந்துவிட்டால் கேமரா நேராக இருக்கிறது என்று அர்த்தம். பிம்பம் இருக்கும் தூரம் இரண்டு மடங்கு என்பதால் ஃபோகஸ் 20 மீட்டருக்குப் போயிருக்கும். கண்ணாடியை எடுத்துவிட்டுத் தாளில் மறுபடி ஃபோகஸ் செய்ய மறக்காதீர்கள்.

ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்வு எண்) 100 அல்லது 200. ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். இரண்டு விநாடி டைமர் வையுங்கள். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். ஷட்டர் விழும்போது மாடியில் யாரும் நடக்கக் கூடாது. ரா (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு), ஜேபெக் இரண்டும் பதிவாகட்டும். நான்கு தூரத்திலும், முழுத் திறப்பு, எஃப் 8, எஃப் 11 என்று மூன்று திறப்பில், ஒவ்வொன்றுக்கும் மூன்று படம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஃபோகஸைக் கலைத்துப் புதிதாகப் பிடிக்க வேண்டும். மொத்தம் 36 படம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இனி கம்ப்யூட்டர். 100 சதவீதத்தில் திறந்து முதலில் நடுவைப் பாருங்கள். முழுத் திறப்பில் கொஞ்சம் மென்மையாகவும் எஃப் 8-ல் தெளிவாகவும் இருப்பது இந்த வகை லென்ஸ்களின் இயல்பு. எஃப் 11 தாண்டும்போது மறுபடி மங்க ஆரம்பிக்கும். சின்னத் துளை வழியே போகும் ஒளி பரவுவதால் வரும் விளைவு அது, எந்தக் கம்பெனி லென்ஸும் தப்பாது. என் லென்ஸில் 7.1-லும் எடுத்துப் பார்த்ததில், எஃப் 6.3-க்கும் 7.1-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது, 7.1-க்கும் 8-க்கும் இடையில் ஒன்றும் தெரியவில்லை. நோட்டில் எழுதிய முதல் எண் அது. மூன்றில் ஒரு படி திறப்பை (ஒரு படி என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு மாறுவது) வீணாகக் குறைக்காமல் இருப்பது விடியற்காலை வெளிச்சத்தில் பெரிய உதவி.

அப்புறம் நான்கு மூலைகள். நான்கும் நடுவைவிடக் கொஞ்சம் மங்கலாக, ஆனால் ஒன்று போல இருந்தால் கவலைப்பட எதுவுமில்லை. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் குழைந்திருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி அச்சிலிருந்து விலகி உட்கார்ந்திருக்கலாம். இதைத்தான் டீசென்டரிங் என்கிறார்கள். உடனே முடிவு கட்ட வேண்டாம். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே தாளை மறுபடி எடுங்கள். ட்ரைபாட் காலர் (லென்ஸையே ட்ரைபாடில் பூட்டும் வளையம்) உள்ள லென்ஸில் இது சுலபம். லென்ஸின் குறை என்றால் தாளில் மங்கும் இடம் இப்போது எதிர்மூலைக்குப் போயிருக்கும். தாளின் அதே இடம்தான் மறுபடி மங்குகிறது என்றால், சுவரோ நீங்கள் வைத்த கோணமோதான் காரணம். முதல் வகை என்றால் சர்வீஸ், சரிக்கட்டல் என்றெல்லாம் யோசிக்காதீர்கள். கெடு முடிவதற்குள் மாற்றிக் கேளுங்கள். அந்தக் குறை எஃப் 8-ல் முழுக்க மறைந்துவிடும் அளவுக்கு லேசானது என்றால் பறவைப் படத்துக்குத் தொந்தரவு இருக்காது. பறவை பெரும்பாலும் நடுவில்தானே இருக்கும். இருந்தாலும் புதுப் பொருளுக்கு முழுக்காசு கொடுத்தவர் அதைச் சகித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்பது என் எண்ணம்.

கடைசியாக, அதே காலை வேளையில் ஐம்பது நூறு மீட்டர் தள்ளி இருக்கும் எதையாவது எடுங்கள். தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், கோயில் கோபுரத்துப் பொம்மைகள் எதுவானாலும் சரி. கிட்டத்தில் நன்றாக இருந்து தூரத்தில் தடுமாறும் லென்ஸ்களும் உண்டு.

ஐந்து பேட்டரி வைத்து ஃபோகஸ் சோதனை

லென்ஸின் கூர்மையும் ஆட்டோ ஃபோகஸின் துல்லியமும் வேறு வேறு விஷயம். கூர்மையான லென்ஸ் தப்பான இடத்தில் ஃபோகஸ் செய்தால் பலன் இல்லை.

ஐந்து பேனா பேட்டரிகளை மேசையில் ஏணிப்படி மாதிரி சாய்வாக நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் முந்தையதற்கு 3 செ.மீ. பின்னால் இருக்கட்டும். மூன்று மீட்டர் தள்ளி, 400 மி.மீ., எஃப் 6.3-ல் நடுப் பேட்டரியின் எழுத்தில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வையுங்கள். அந்தத் தூரத்தில் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான். ஆகவே எந்தப் பேட்டரி தெளிவாக இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பத்து முறை எடுங்கள், ஒவ்வொரு முறையும் ஃபோகஸை முழுக்கக் கலைத்துவிட்டு.

பத்திலும் நடுப் பேட்டரி என்றால் அடுத்த வேலைக்குப் போகலாம். பத்திலும் பின்னால் இருப்பதோ முன்னால் இருப்பதோ தெளிவாக இருந்தால் ஒரு நிலையான விலகல் இருக்கிறது. இது டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே மிரர் உள்ள) கேமராக்களில் வருவதுதான். அவற்றில் ஃபோகஸுக்கென்று தனி சென்சார் இருப்பதால், அதற்கும் படம் விழும் சென்சாருக்கும் நடுவே கணக்கு தப்பலாம். லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையில் பார்த்தபடி பத்துப் படம் எடுத்து ஒப்பிட்டால் உறுதியாகிவிடும். பல டி.எஸ்.எல்.ஆர்.களில் இதைத் திருத்த ஃபைன் ட்யூன் வசதி உண்டு. மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமராவில் படம் விழும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் இந்தத் தொல்லை அபூர்வம். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்று சிதறினால் நல்ல வெளிச்சத்தில் மறுபடி செய்துபாருங்கள். அறை வெளிச்சத்தில் எஃப் 6.3 லென்ஸ் திணறுவது சகஜம். பகல் வெளிச்சத்திலும் சிதறினால் கடைக்குப் போக வேண்டியதுதான்.

உங்கள் கையின் எண்

இப்போது ட்ரைபாடைக் கழற்றுங்கள். கையில் பிடித்து எடுக்க எவ்வளவு ஷட்டர் ஸ்பீடு வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. லென்ஸின் மி.மீ.யை சென்சாரின் மடங்கால் (ஏ.பி.எஸ்.-சிக்கு ஏறக்குறைய 1.5) பெருக்கி, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். 400-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 600. ஆக, 1/640. ஸ்டெபிலைசர் நான்கு படி காப்பாற்றும் என்று பெட்டியில் போட்டிருந்தால் 1/640 என்பது 1/40 வரை இறங்கலாம். இது காகிதக் கணக்கு. இரண்டு கிலோ லென்ஸை அரை மணி நேரம் தூக்கிப் பிடித்த கை இந்தக் கணக்குக்கு அடங்காது. ஒவ்வொருவர் கைக்கும் ஓர் எண் உண்டு, அதைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அதே செய்தித்தாள், அதே பத்து மீட்டர். ஸ்டெபிலைசரை இயக்குங்கள். 1/1000-ல் பத்துப் படம், 1/500-ல் பத்து, அப்படியே 1/250, 1/125, 1/60 வரை. ஐ.எஸ்.ஓ. தானாக மாறட்டும். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், முழங்கைகள் விலாவை ஒட்டி, கால்கள் கொஞ்சம் அகண்டு. மூச்சை பாதி விட்டு நிறுத்தி, பட்டனைக் குத்தாமல் அழுத்துங்கள். அப்புறம் ஒவ்வொரு பத்திலும் பொடி எழுத்து படிக்கும்படி இருப்பதை எண்ணுங்கள். எனக்கு 1/500 வரை பத்தும் தேறியது. 1/250-ல் எட்டு. 1/125-ல் ஐந்து. 1/60-ல் இரண்டே இரண்டு, அதுவும் மூன்று மூன்றாக எடுத்த தொடரில் நடுப் படங்கள். பட்டனை அழுத்தும் அசைவும் விடும் அசைவும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கெடுக்கும். அதனால் மெதுவான ஷட்டரில் எப்போதும் மூன்றாக எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

சோதனையைச் சாயங்காலம், வேலை முடிந்து களைத்து வந்த பிறகு ஒருமுறை செய்துபாருங்கள். எண் மாறும். காட்டில் நான்கு மணி நேரம் நடந்த பிறகு உங்களுக்கு வரப்போகும் எண் அதுதான், அதையே நோட்டில் எழுதுங்கள்.

இந்த எண் அசையாத பொருளுக்கு மட்டும். ஸ்டெபிலைசர் உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், பறவையின் ஆட்டத்தை நிறுத்தாது. சும்மா உட்கார்ந்திருக்கும் கொக்குக்கு 1/250 போதும். தலையை வெடுக் வெடுக்கென்று திருப்பும் மைனாவுக்கு 1/1000 வேண்டும். பறக்கும்போது 1/2000. அவ்வளவு வேகத்தில் எஃப் 6.3 என்றால் காலை ஏழு மணிக்கு ஐ.எஸ்.ஓ. 1600, 3200 என்று ஏறும். அதனால் உங்கள் கேமராவில் எந்த ஐ.எஸ்.ஓ. வரை இறகின் கோடு தப்பிக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அடுக்களை ஜன்னலோரம் ஒரு தேங்காய் நார்க்கட்டை வைத்து, 400-லிருந்து 12800 வரை படிப்படியாக எடுங்கள். நாரும் இறகும் ஏறக்குறைய ஒரே மாதிரி நுணுக்கம். எந்தப் படியில் நார்கள் தனித்தனியாகத் தெரியாமல் குழம்ப ஆரம்பிக்கிறதோ, அதற்கு முந்தைய படி உங்கள் எல்லை.

தொடர் படம் எடுக்கும் பழக்கம் இருந்தால் மெமரி கார்டையும் சோதியுங்கள். 24 மெகாபிக்சல் ரா கோப்பு ஒன்று சுமார் 25 எம்.பி. இருக்கும். விநாடிக்கு பத்துப் படம் என்றால் 250 எம்.பி. வி30 என்று போட்ட கார்டு உறுதி தருவது விநாடிக்கு 30 எம்.பி. மட்டும். மிச்சம் கேமராவின் தற்காலிக நினைவகமான பஃபரில் காத்திருக்கும், அது நிறைந்ததும் கேமரா திக்கும். எத்தனை விநாடியில் திக்குகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டால் பறவை பறக்கும் முன்பே பட்டனை அழுத்திப் பஃபரைத் தீர்க்க மாட்டீர்கள்.

காக்கைக்கு வைத்த சோறு

உயிருள்ள பறவையில் பழக வேடந்தாங்கல் வரை போக வேண்டியதில்லை. கைப்பிடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைக்கும் வீடாக இருந்தால் உங்களுக்கு அருமையான பயிற்சிக்களம் தயார். பறவை எங்கே வரும், எந்தப் பக்கமிருந்து வரும், எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்த இடம் வேறு எங்கே கிடைக்கும்?

முதல் நாள் உட்கார்ந்திருக்கும் காக்கையை மட்டும் எடுங்கள். தொடர் ஃபோகஸில், சின்னப் புள்ளியைக் கண்ணில் வைத்து. ஊர்க்காக்கையின் கழுத்து சாம்பல், முகம் கறுப்பு. முழுக் கறுப்பான இறக்கையில் புள்ளி விழுந்தால் லென்ஸ் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் ஓடும். கறுப்பும் சாம்பலும் சேரும் அந்த வரம்பில் வைத்தால் டக்கென்று நிற்கும். கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் கேமராவிலும் இதைப் பாருங்கள். மதிய வெயிலில் கறுப்பு முகத்தில் இருக்கும் கறுப்புக் கண்ணை அது எத்தனை முறை தவறவிடுகிறது என்று தெரியும். கரண்ட் கம்பியில் உட்காரும் கரிச்சான் இன்னும் கடினமான பரீட்சை.

இரண்டாம் நாள் வந்து இறங்கும் காக்கை. நேரே நம்மை நோக்கி வரும் பறவையைப் பிடிப்பதுதான் ஆட்டோ ஃபோகஸுக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை. லென்ஸில் ஃபோகஸ் லிமிட்டர் பொத்தான் இருந்தால் கிட்டத் தூரத்தை அடைத்துவிடுங்கள். தேடி அலையும் நேரம் குறையும். குறுக்கே பறப்பதில் ஒரு கணக்கு, நேரே வருவதில் ஒரு கணக்கு எழுதுங்கள். நேரே வருவதில் பத்துக்கு மூன்று தேறினாலே இந்த விலை லென்ஸுக்கு நல்லது என்பேன்.

இங்கே ஒருவரை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912-லிருந்து 1996 வரை வாழ்ந்தவர், நம் காடுகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். வெவ்வேறு கேமரா, லென்ஸ் பாகங்களைச் சேர்த்துத் தன் கையாலேயே ஒரு கருவியைப் பூட்டி, அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று பெயரும் வைத்திருந்தார். ஆட்டோ ஃபோகஸும் இல்லை, ஸ்டெபிலைசரும் இல்லை. தன் கருவி எந்தத் தூரத்தில் என்ன தரும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய யானைப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

வேடந்தாங்கல்: காற்றைப் பார்க்கும் நாள்

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ ஏரிக்குப் போகலாம். சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல பருவம். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குப் பள்ளிக்கரணை இருக்கிறது. இரண்டும் 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த நீர்நிலைகள்.

முந்தின ராத்திரியே ஒரு வேலை. லென்ஸை ஏ.சி. அறையில் வைக்காதீர்கள். பையோடு கூடத்தில் வையுங்கள். குளிர்ந்த கண்ணாடி விடியற்காலை ஈரக்காற்றைப் பார்த்ததும் முழுக்கப் பூத்துவிடும். துடைத்தால் மறுபடி பூக்கும். காலை முதல் அரை மணி நேரம், அதாவது வெளிச்சம் மிக அழகாக இருக்கும் நேரம், அதிலேயே போய்விடும். காரிலும் ஏ.சி. போடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போவது என் வழக்கம்.

ஏரிக்கரையில் நடந்துபோனால் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களின் உச்சியில் மஞ்சள் மூக்கு நாரைகள், கூழைக்கடாக்கள், நீர்க்காகங்கள், வெள்ளை அரிவாள் மூக்கன்கள் என்று கூட்டமாக உட்கார்ந்திருக்கும். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்டிப்பாக அசையாத ஒரு கிளையும் கூடும் அதில் இருக்கட்டும். ட்ரைபாட் வைத்து, ஏழு மணிக்கு அதைப் பத்துப் படத் தொடராக எடுங்கள். அதே இடத்திலிருந்து, அதே அமைப்பில், பதினொன்றரைக்கு மறுபடி பத்து.

நான் முதன்முதலில் இப்படிச் செய்த அன்று எடுத்தது கூட்டின் விளிம்பில் நின்ற ஒரு நாரை. ஏழு மணிப் படத்தில் அதன் மார்புக்குக் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டையில் ஒவ்வொரு இறகின் வெள்ளை ஓரமும் செதில் செதிலாகத் தெரிந்தது. வால் பக்கத்து ரோஜா நிற இறகில் நூல் நூலாகப் பிரிவு இருந்தது. பதினொன்றரைக்கு அதே கூட்டில் ஒரு நாரை நின்றது. வெளிச்சம் மூன்று மடங்கு, ஷட்டர் 1/2000. பட்டை வெறும் சாம்பல் கறையாக வந்தது. ரோஜா நிறத்தில் ஒரு கோடுகூட இல்லை.

வெறுமனே அந்த இரண்டாவது படத்தைப் பார்த்திருந்தால் லென்ஸைத்தான் குறை சொல்லியிருப்பேன். வெயிலில் சூடான தரையிலிருந்தும் கரையிலிருந்தும் காற்று எழும்பும்போது, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கின்றன. தார் ரோட்டில் தெரியும் கானல் இதே விஷயம்தான். நூறு மீட்டர் காற்றை 400 மி.மீ. வழியாகப் பார்க்கும்போது அந்த அலை முழுக்கப் படத்தில் விழுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இதை மீற முடியாது.

எப்படி அடையாளம் காண்பது? அதற்குத்தான் பத்துப் படத் தொடர். பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகத் தட்டிப் பாருங்கள். லென்ஸின் குறை என்றால் பத்திலும் ஒரே இடம் ஒரே அளவு மங்கியிருக்கும். காற்று என்றால் படத்துக்குப் படம் மாறும். ஒன்றில் கூடு தெளிவாக, கிளை குழைந்து. அடுத்ததில் கிளை தெளிவாக, கூடு குழைந்து. நேர்க்கிளை லேசாக நெளியும். லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்தால் மரமே தண்ணீருக்கடியில் இருப்பது போல அலையும். இதைக் கண்டால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு நிழலில் உட்காருங்கள், அல்லது இருபது மீட்டருக்குள் இருக்கும் மடையானைத் தேடிப் போங்கள். குறைவான காற்று, குறைவான அலை. ஏ.சி. காரின் ஜன்னலிலிருந்து எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். உள்ளிருக்கும் குளிரும் வெளிச் சூடும் ஜன்னலிலேயே கலந்து இதே கூத்தை நடத்தும்.

வெள்ளைப் பறவைகளுக்கு ஒரு சின்னத் திருத்தம். இருண்ட இலைகளுக்கு முன்னால் நிற்கும் வெண்கொக்கை கேமராவின் போக்கில் விட்டால் இறகு வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு படி குறைத்து, ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது சுவரில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. படம் சரியாக வரவில்லை என்பதற்காகக் கரையைவிட்டு இறங்கிக் கிட்டே போகாதீர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்து, இருநூறு ஆண்டுக்கு மேலாக ஊர்க்காரர்கள் காத்துவரும் கூடுகள் அவை. தாய்ப்பறவை பத்து நிமிடம் எழுந்து பறந்தால் மொட்டைத் தலைக் குஞ்சுகள் வெயிலில் வாடிவிடும்.

முடிவு எடுக்கும் ராத்திரி

கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாக உட்காருங்கள். சுவர்ப் படங்கள் நன்றாக இருந்து, ஏரிப் படங்கள் மட்டும் மோசம் என்றால் லென்ஸை வைத்துக்கொள்ளலாம். சுவர்ப் படமே ஒரு பக்கம் குழைந்திருந்தால், ஏரியில் எவ்வளவு அழகான படம் ஒன்று கிடைத்திருந்தாலும் மாற்றிக் கேளுங்கள். கடைக்குப் போகும்போது நேராக எடுத்தது, தலைகீழாக எடுத்தது இரண்டையும் கொண்டுபோங்கள். "ஏதோ சரியில்லை" என்று சொல்வதைவிட அந்த இரண்டு படம் அதிகம் பேசும்.

வைத்துக்கொள்வதென்று முடிவானால் அன்றைக்கே அதற்கு ஓர் இடம் கொடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குத் தோல் பையும் பீரோவும் ஆகாது. ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நிலைத்து நின்றால் ஃபங்கஸ் பிடிக்க வாய்ப்பு அதிகம். ட்ரை கேபினெட் வாங்க முடியாவிட்டால், காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், இவ்வளவும் போதும். 40-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கட்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. மழைக்காலத்தில் மாதம் இருமுறை எனக்கு இந்த வேலை இருக்கும்.

நோட்டில் சேர்ந்த எண்களை ஒரு சின்ன அட்டையில் எழுதி லென்ஸ் பைக்குள் செருகி வையுங்கள். என் அட்டையில் இருப்பது இதுதான். 400-ல் எஃப் 7.1. கை 1/250, களைத்தால் 1/500. மைனா 1/1000, பறப்பது 1/2000. ஐ.எஸ்.ஓ. 3200-ஐத் தாண்டாதே. காக்கைக்குக் கழுத்து வரம்பு. ஃபில்டர் வேண்டாம். ஒன்பதரைக்கு மேல் இருபது மீட்டருக்குள் மட்டும்.